பின்கட்டையும் மணற்பையும்: நெடுந்தூர ரைஃபிள் மரபுகள்

1860 ஜூலை 2 அன்று, இலண்டனை அடுத்த விம்பிள்டன் திடலில் விக்டோரியா அரசி ஒரு பட்டுக்கயிற்றை இழுத்தார். இயந்திரத் தாங்கியில் இறுக்கிப் பூட்டியிருந்த விட்வொர்த் ரைஃபிள் வெடித்தது. 400 கஜத்துக்கு அப்பால், இலக்கின் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பதிந்தது. பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் நடத்திய முதல் போட்டி விழா இப்படித்தான் தொடங்கியது. துப்பாக்கியை எந்த அளவுக்குத் தாங்கியிடம் ஒப்படைக்கலாம், எந்த அளவுக்கு மனிதர் கையில் விட்டுவைக்கலாம் என்ற கேள்வியும் அன்றிலிருந்து இந்தக் கலையோடு கூடவே வருகிறது. ஒவ்வொரு மரபும் அதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறது.

அந்த விடையைத் துப்பாக்கியின் பின்பாதியில் தேட வேண்டும் என்பது என் துணிபு. பார்ப்பவர் கண் முதலில் முன்தாங்கிக்குத்தான் போகும். திருகுகளும் ஜாய்ஸ்டிக்கும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்தாங்கிக்கும் பின்னால் வைக்கும் மணற்பையான பின்பைக்கும் இடையே 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தோளில் பதியும் பின்கட்டை 0.1 மி.மீ., அதாவது ஒரு தாளின் கனம், உயர்ந்தாலே போதும்; 1000 கஜத்தில், சுமார் 914 மீட்டரில், குண்டு 11 செ.மீ.க்கு மேல் தாழ்ந்துவிடும். எஃப் கிளாஸ் என்னும் தாங்கிவைத்துச் சுடும் போட்டியின் அமெரிக்க இலக்கில், நடுவிலுள்ள எக்ஸ் வளையத்தின் விட்டமே 5 அங்குலம், 12.7 செ.மீ.தான். மையத்துக்குப் போக வேண்டிய குண்டு வளையத்துக்கு வெளியே போய்விடும்.

ஆதி மரபில் இந்தத் தாங்கிகள் எதுவும் இல்லை. 1874-இல் நியூயார்க் அருகே கிரீட்மோரில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதியபோது சிலர் மல்லாந்து படுத்து, தங்கள் காலையே குழலுக்குத் தாங்கியாக்கிச் சுட்டார்கள். அமெரிக்கா 934-க்கு 931 என்று வென்றது. பிறகு குப்புறப் படுத்து, கையில் வார்ப்பட்டையை இறுக்கிச் சுடும் முறை நிலைபெற்றது. 1890-இல் போட்டிகள் விம்பிள்டனிலிருந்து பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தன. கோலாப்பூர் அரசர் வழங்கிய கோப்பைக்கு 1871-இலிருந்து நடக்கும் போட்டியும் கூடவே போனது. வார்ப்பட்டை மரபின் பெருமையை நான் குறைக்கவில்லை. அங்கே தோளும் முழங்கையும்தான் தாங்கி.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது பெஞ்ச்ரெஸ்ட். மனிதப் பிழையை முழுக்க நீக்கிவிட்டால் துப்பாக்கியும் குண்டும் எவ்வளவு துல்லியம் தரும் என்று அறிய விரும்பியவர்களின் மரபு அது. மருத்துவரான எஃப். டபிள்யூ. மான் இதற்காகக் கான்கிரீட் தூண் ஒன்றை எழுப்பி, அதற்கு ‘ஷூட்டிங் ஜிப்ரால்டர்’ என்று பெயரிட்டார். தம் ஆய்வுகளை 1909-இல் நூலாக வெளியிட்டார். பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1967-இல் தொடங்கிய சங்கம் பெஞ்சை 1000 கஜத்துக்குக் கொண்டுபோனது. மேசைமேல் கனத்த முன்தாங்கி, பின்னால் இரு காதுகள் நிமிர்ந்த தோல் மணற்பை. இந்த மரபில் தேர்ந்த பலர் துப்பாக்கியைப் பிடிப்பதே இல்லை. விசையை மட்டும் தொடுவார்கள். பின்னுதைப்பில் அது தானாகப் பின்னால் ஓடும்.

இவ்விரண்டுக்கும் நடுவில் பிறந்தது எஃப் கிளாஸ். கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்குஹர்சன் பெயரின் முதலெழுத்துதான் அந்த ‘எஃப்’. வயதாகி, கண்ணும் தோளும் ஒத்துழைக்காத நிலையிலும் களத்தை விட மனமில்லாதவர்களுக்காக எழுந்த பிரிவு, இன்று இளைஞர்கள் முழு மூச்சாக இறங்கும் உலகப் போட்டியாகிவிட்டது. பின்பை விஷயத்தில் இதன் விதிகளைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஓப்பன் பிரிவில் 10 கிலோ வரையான துப்பாக்கிக்கு எவ்வளவு நுட்பமான முன்தாங்கியும் வைத்துக்கொள்ளலாம். டி.ஆர். பிரிவில் 8.25 கிலோ வரம்பு, அதில் பைபாட் என்ற இருகால் முன்தாங்கியின் எடையும் சேர்த்தி, தோட்டா .223 அல்லது .308 மட்டுமே. இரண்டிலும் பின்னால் வெறும் பைதான். அதில் ஏற்றி இறக்கும் திருகு கூடாது, முன்தாங்கியோடு பிணைக்கவும் கூடாது. சிலர் இதைப் பழமைவாதம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்முனையையும் பொறியிடம் கொடுத்துவிட்டால் காற்றைக் கணிப்பது தவிரச் சுடுபவருக்கு வேறு வேலை மிஞ்சாது.

விதி இப்படித் தடுத்ததால் கைவினைஞர்களின் கவனம் பையின் மீதே குவிந்தது. குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி சுமார் ஒரு மில்லிமீட்டர் பின்னகர்ந்துவிடுகிறது. 10 கிராம் குண்டு, 75 செ.மீ. குழல், 8.25 கிலோ துப்பாக்கி என்று கணக்கிட்டால் இந்த அளவு வரும். பின்கட்டையின் அடிப்பக்கம் சாய்வாக இருந்தால், அந்த ஒரு மில்லிமீட்டர் ஓட்டத்திலேயே கட்டை ஏறும் அல்லது இறங்கும். அதனால்தான் ஓப்பன் துப்பாக்கிகளில் அடிப்பக்கம் குழலுக்கு இணையாகச் செதுக்கப்படுகிறது. வேட்டைத் துப்பாக்கியின் சாய்ந்த கட்டையில் பையை முன்னும் பின்னும் தள்ளியே உயரத்தைச் சரிசெய்யலாம். அந்த வசதிக்கு விலையாக ஓட்டம் நேராக இருக்காது.

பையின் வயிறு கனமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். உலர்ந்த, நுண்ணிய, அடர்த்தி மிகுந்த மணல் இதற்கு ஏற்றது. பலர் சிர்க்கான் மணலை நாடுவது அதன் கனத்துக்காக. பிளாஸ்டிக் மணிகள் தூக்கிச் செல்ல இலகு, ஆனால் அமுங்கி நெளியும். அவற்றை நெடுந்தூர இலக்குப் போட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காதுகளுக்கு இடையே கட்டை இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. தோலில் டால்கம் பவுடர் தடவுவது பழைய வழக்கம். இப்போது வழுக்கும் துணியிலேயே காதுகளைத் தைக்கிறார்கள். இந்தோனேசியாவின் செப் லம்பாங் பட்டறையிலிருந்து வரும் அகன்ற அடியுள்ள பைகள் புல்தரையில் புதையாமல் நிற்பதால் பெயர் பெற்றவை.

பல நிலைகளில், நேரம் வைத்துச் சுடும் துல்லியப் போட்டிக்காரர்களின் வழி வேறு. சிறிய மெத்தென்ற பையை இடது உள்ளங்கையில் வைத்து, பிசைந்தே உயரத்தை மாற்றுகிறார்கள். இலக்குக்கு இலக்கு உயரம் மாறும் அந்தப் போட்டிக்கு அது சரியான தீர்வு. எஃப் கிளாஸில் கையின் அழுத்தம் ஒவ்வொரு சூட்டிலும் மாறினால், அது இலக்கில் மேலும் கீழுமாகப் பரவித் தெரியும்.

அமைப்பு சரியா என்று அறிய, பின்பை வைத்துச் சுடுபவர்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, தொலைநோக்கியில் கண் வைத்து, துப்பாக்கியைக் கையால் ஓரிரு அங்குலம் பின்னும் முன்னும் தள்ள வேண்டும். குறுக்குக் கோடு பக்கவாட்டில் விலகாமல், மீண்டும் அதே புள்ளிக்கு வர வேண்டும். விலகினால் பையின் திசை தவறு; முன்தாங்கியின் திருகைத் தொடாமல் பையைத்தான் திருப்ப வேண்டும். அடுத்து, படுத்ததும் பையைத் தரையில் நன்றாக அமுக்கி, கட்டையால் சில முறை இடித்து மணலைப் படிய வைக்க வேண்டும். இதைச் செய்யாதவரின் முதல் சில குண்டுகள் பை அமுங்கும் அளவுக்கு மேலே ஏறும். மதிப்பெண்ணில் சேராத சோதனைச் சூடுகள் அதிலேயே தீர்ந்துபோக, கொடிகள் காட்டும் காற்றை அவர் மதிப்பெண்ணுக்கான குண்டுகளில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.