செய்தியை நிறுக்கும் துலாக்கோல்

பொருளை நிறுப்பவன் துலாக்கோலை மட்டும் நோக்கினாற் போதாது. தட்டில் இட்ட நிறைகல் எங்கே செய்யப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். செய்தித்தாள்களும் தொலைக்காட்சி நிலையங்களும் எக்கட்சிப் பக்கம் சாய்கின்றன என்பதை எண்ணால் அளந்து காட்டும் ஆராய்ச்சிகள் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வுண்மை நினைக்கற்பாலது. அத்தகைய ஆராய்ச்சிகளுட் சிறந்ததொன்று, கிரெகரி மாட்டின், ஜோஷ் மக்கிறெயின் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் உள்ளூர்ச் செய்தியையும் தேசிய அரசியலையும் பற்றி 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையாகும்.

இவ்வகை அளவைக்கு வழிகாட்டியவர்கள் மத்தியூ ஜென்ற்ஸ்கோ, ஜெசி ஷப்பிரோ என்னும் பொருளியலறிஞர்கள். 2005ஆம் ஆண்டுக் கொங்கிறஸ் சபை உரைகளிற் குடியரசுக் கட்சியார் மிகுதியாக ஆண்ட தொடர்களையும் சனநாயகக் கட்சியார் மிகுதியாக ஆண்ட தொடர்களையும் அவர்கள் வேறுபிரித்தனர். இறந்தோர் விட்டுச்செல்லும் சொத்தின்மீது அறவிடும் வரியை முன்னவர் 'மரண வரி' என்பர். பின்னவர் 'ஆதன வரி' என்பர். இத்தகைய தொடர்கள் 433 நாளிதழ்களில் எவ்வளவு பயின்றுள்ளன எனக் கணித்து, ஒவ்வோர் இதழின் சாய்வும் அளக்கப்பட்டது. இதழின் சாய்வில் வாசகர் விருப்பத்துக்குப் பங்குண்டு, உடைமையாளர் யார் என்பதற்கு அத்துணைப் பங்கில்லை என்பதே 2010இல் வெளிவந்த அவர்தம் முடிபு.

மாட்டினும் மக்கிறெயினும் இவ்வழியிலே நின்று உள்ளூர்த் தொலைக்காட்சியை ஆராய்ந்தனர். 743 நிலையங்களின் செய்தி உரைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 2017இற் சின்கிளேயர் என்னும் பெருநிறுவனம் பொன்ரன் என்னும் நிறுவனத்தின் நிலையங்களை விலைக்கு வாங்கியது. அந்நிலையங்கள், அதே பிரதேசத்தில் ஒளிபரப்பும் பிற நிலையங்களோடு, கைம்மாறுமுன்னும் கைம்மாறியபின்னும் ஒப்பிடப்பட்டன. தேசிய அரசியலுக்குரிய பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 3 உயர்ந்தது. அவ்வுயர்வு சராசரி அளவின் காற்பங்காகும். உள்ளூர் அரசியலின் இடத்தையே அது கவர்ந்தது. சொற்சாய்வும் வலதுபுறம் நகர்ந்தது. பார்ப்போர் தொகையோ கூடவில்லை, சிறிது குறைந்தது.

ஆராய்ச்சியின் வன்மை இவ்வொப்பீட்டிலே உள்ளது. ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே மக்களுக்குச் செய்தி கூறும் நிலையங்களுள் ஒருசில மட்டும் மாறினவாயின், நாட்டு நடப்பையோ மக்கள் விருப்பத்தையோ அதற்குக் காரணமாகக் கூறல் இயலாது. முன்னைய ஆராய்ச்சி ஒரு காலத்து நிலையை நோக்கியது; இது மாற்றத்தை நோக்கியது. உடைமையாளர் கை செய்தியிற் படிவதை அதனாற் காட்ட முடிந்தது.

எனினும் நிறைகல்லின் குறை இங்கும் தொடர்கின்றது. கொங்கிறஸ் சபையிற் பிறந்த சொற்கள் அச்சபையில் விவாதிக்கப்படும் பொருள்களையே அளக்கவல்லன. நகரசபையின் வரவுசெலவு, தெருவடிகால், பாடசாலைக் குழுத் தேர்தல் என்பவற்றிற் பலவற்றுக்குக் கட்சிச் சொல்லே இல்லை. மறுத்தற்பொருட்டு மேற்கோளாக எடுத்த தொடரும், உடன்பட்டு ஆண்ட தொடரும் எண்ணிக்கையில் ஒன்றாகவே நிற்கும். படமும் குரலும் எழுத்துரையில் இடம்பெறா.

பொருட்பங்கை அளக்கும் முறையும் குறையற்றதன்று. சேர்ந்து வரும் சொற்களைக் கணனி தொகுத்துத் தருகின்றது. தொகுதிக்குப் பெயரிடுபவன் மனிதன். தேசியச் சட்டமொன்றால் உள்ளூர் மருத்துவமனை பணமிழந்த செய்தி எத்தொகுதியைச் சாரும் என்பது எளிதில் விடைகாணத்தக்க வினாவன்று.

ஆயினும் இரு முடிபுகளுட் பொருட்பங்கு பற்றியதே பெரிதும் கவலைக்குரியது. சாய்ந்த சொல்லைக் கேட்பவன் அதனை ஐயுறலாம். வேறு நிலையத்தை நாடலாம். சொல்லப்படாத செய்தியை ஐயுற எவராலும் இயலாது. தன் நகரசபை யாது செய்தது என்பதை அறியாதவன், அறியாமையையும் அறியான். மௌனத்துக்குச் சாய்வில்லை; ஆதலின் சாய்வை மட்டும் அளக்கும் கோல் மௌனத்தைக் காணாது. இரண்டையும் ஒருங்கே அளந்தமையே மாட்டின், மக்கிறெயின் ஆகியோரின் கட்டுரைக்குரிய சிறப்பு.

இம்முறையை இலங்கைக்குக் கொண்டுவர விரும்பும் மாணவர், அமெரிக்க நிறைகல்லை அப்படியே தட்டில் இடலாகாது. ஈண்டுக் கட்சிகள் இரண்டல்ல. பாராளுமன்ற உரைகள் மும்மொழியிலும் நிகழ்கின்றன. தமிழ்ச் சொல்லோ வேற்றுமை ஏற்றும் புணர்ந்தும் பல வடிவங்கொள்வது. சாய்வை அளக்கும் கல்லைப் புதிதாகவே செய்தல் வேண்டும். அது செய்யப்படும்வரை பொருட்பங்கை அளத்தற்குத் தடையில்லை. ஓராண்டுப் பத்திரிகைத் தொகுப்பும், அடிக்கோலும், பொறுமையும் உள்ள மாணவன், பிரதேச சபைக்கும் நகரசபைக்கும் எத்தனை அங்குல இடம் கிடைத்தது என்பதை நூலகத்தில் இருந்தே கணித்துவிடலாம். அவ்வெண் சிறிதாயின், அதுவே ஆராயத்தக்க செய்தியாகும்.