வாசியுள்ள காசும் வாசியற்ற காசும்: சேக்கிழார் காட்டும் பொருள்நெறி

பொருளுக்கும் அருளுக்கும் உள்ள தொடர்பினை ஆராயப் புகுவார் பெரும்பாலும் திருக்குறளையே துணையாகக் கொள்வர். ஒப்புரவையும் ஈகையையும் இல்லறவியலில் அமைத்து, அருளுடைமையைத் துறவறவியலின் முகப்பில் நிறுத்தி, பொருள் செயல்வகையைப் பொருட்பாலுக்கு உரிமையாக்கிய வள்ளுவரின் பகுப்பு அத்துணைத் தெளிவுடையது. ஆயின் அறநூல் பகுத்து வைத்தவற்றை வாழ்க்கை கலந்தே தருகின்றது. அக்கலப்பினைக் காண விழைவார் செல்லத்தக்க நூல் பெரியபுராணம். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்ததாகப் பெரும்பாலோர் கொள்ளும் இக்காப்பியத்தைப் பற்றுத் துறந்தாரின் வரலாறு என்று கூறிவிடுவது எளிது. அங்ஙனம் கூறுவோர் அதன் கதைகளுள் விலை, கூலி, அடகு, கடன், நிறை, நெற்கூடு ஆகியவை எத்துணை முறை வருகின்றன என்பதை எண்ணிப் பார்த்திலர் போலும்.

தொண்டர் அறுபத்துமூவருள் இல்லறத்தாரே மிகுதி. வணிகரும் உழவரும் குயவரும் வண்ணாரும் செக்காரும் பரதவரும் சிற்றரசரும் அவருள் உளர். அவர் மேற்கொண்ட தொண்டுகளுள் பலவும் பொருளின்றி நடவாதவை. விளக்குக்கு எண்ணெய் வேண்டும். புகைக்குக் குங்கிலியம் வேண்டும். அடியாரை அமுது செய்விக்க நாள்தோறும் நெல் வேண்டும். இவற்றைப் பாடியவரோ சோழப் பேரரசின் அமைச்சராய் இருந்தவர் என்பது மரபு. அப்பேரரசில் கோயில் என்பது வழிபாட்டு இடம் மட்டும் அன்று. 1010இல் திருப்பணி நிறைவெய்திய தஞ்சை இராசராசேச்சரத்தின் கல்வெட்டுகளை நோக்கின், அறத்துக்கென அளித்த காசு ஊர்ச்சபைகளுக்குக் கடனாக அளிக்கப்பட்டதும், காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாகக் கொள்ளப்பட்டதும் விளங்கும். ‘அன்றாடு நற்காசு’ என்னும் ஆட்சி சோழர் கல்வெட்டுகளில் வருவதும் கருதத்தக்கது. நற்காசு என்று விதந்து கூற நேர்ந்தது, அல்லாத காசும் வழங்கியமையால் அன்றோ?

இப்பின்புலத்தை உளங்கொண்டே திருவீழிமிழலை நிகழ்ச்சியை ஆராய்தல் வேண்டும். ஞானசம்பந்தரும் நாவரசரும் அவ்வூரில் தங்கியிருந்த காலத்து மழை பொய்த்துப் பஞ்சம் மூண்டது. இருவர் திருமடத்திலும் அடியார் உண்ணுதற்கென இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு வைத்தருளினான். நாவரசர் மடத்தில் உரிய பொழுதில் அமுது படைக்கப்பட்டது. சம்பந்தர் மடத்திலோ பொழுது தாழ்ந்தது. சம்பந்தர் காரணம் வினவினார். நாவரசர் பெற்ற காசைக் கடைகளில் தடையின்றி ஏற்பதும், தாம் பெற்ற காசுக்கு வாசி, அஃதாவது மாற்றும்போது கழிக்கும் வட்டம், கேட்பதும் அப்போது அவருக்குத் தெரியவந்தன.

இறைவன் தந்த காசுக்கும் வட்டம் உண்டு என்னும் இக்கற்பனையின் துணிவை நாம் போதிய அளவு வியந்திலோம். வானிலிருந்து வந்ததாயினும் கடைத்தெருவில் அது காசுதான். அதன் மாற்றினை வணிகன் உரைத்துப் பார்க்கவே செய்வான். இவ்வேறுபாட்டிற்குச் சேக்கிழார் கூறும் காரணம் அதனினும் நுண்ணியது. இதனை அவர் நாவரசர் வரலாற்றிலும் சம்பந்தர் வரலாற்றிலுமாக ஈரிடத்துக் குறிக்கின்றார். சம்பந்தர் இறைவனுக்கு மகன்மை முறையினர். நாவரசரோ உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்பவர். உரிமையால் வந்த காசில் வாசி இருந்தது. உழைப்பினால் வந்த காசில் அஃது இல்லை.

இவ்விளக்கம் சேக்கிழாருக்கே உரியது என்பதை வலியுறுத்துதல் வேண்டும். சம்பந்தர் இங்குப் பாடிய திருவிருக்குக்குறள், முதல் திருமுறையில் உள்ளது, வாசி நீங்கிய காசினை வேண்டுகின்றது. வாசி நேர்ந்தமைக்குக் காரணம் கூறுகின்றிலது. பிற்காலத்தே அத்தலத்தைப் பாடிய சுந்தரரோ, அவ்விருவர்தம் இன்னிசைத் தமிழைக் கேட்கும் விருப்பினால் இறைவன் காசு கொடுத்தான் என்று கருதினார். சுந்தரர் கண்ணுக்கு அக்காசு பாட்டுக்குப் பரிசில். இருவர்க்கும் அது பொது. பாட்டில் ஒப்பாய இருவரைக் கைத்தொண்டால் வேறுபடுத்தியவர் சேக்கிழார். அதுவும் யாரை உயர்த்துதற்பொருட்டு? தம் நூலில் வேறெவர்க்கும் இல்லாத அளவு பெரும்பகுதியைச் சம்பந்தர்க்கு வழங்கிய புலவர், காசு என்று வந்தவிடத்து மண்வெட்டும் கையின் பக்கமே நின்றார்.

இனி, அதே நாவரசரைத் திருப்புகலூரில் காண்க. உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடக்க, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்பக் கருதி வாரிக் குளத்தில் எறிகின்றார். மிழலையில் நாள்தோறும் காசு ஏற்றவரும் இவரே. புகலூரில் பொன்னை வீசியவரும் இவரே. ஒன்றைப் பக்குவமின்மை என்றும் மற்றொன்றை முதிர்ச்சி என்றும் வரிசைப்படுத்துதல் பொருந்தாது. மிழலையில் காசு வந்தபோது எதிரே பசித்த வயிறுகள் இருந்தன. புகலூரில் பொன் வந்தபோது அதற்கு வேலை ஒன்றும் இல்லை. வேலையற்ற பொன் கல்லோடு சேர்ந்தது. பொருளைப் பற்றிய நாவரசரின் மனநிலை ஈரிடத்தும் ஒன்றே, வேறுபட்டது தேவை.

பொருள் வந்த வழியைச் சேக்கிழார் கருதுவதில்லை, அடியார்க்குச் செலவிட்டால் எதுவும் தூய்மையாகிவிடும் என்பதே அவர் கொள்கை என்று குறை கூறுவார் உளர். அவர் எடுத்துக்காட்டுவது மூர்க்க நாயனார் வரலாறு. திருவேற்காட்டில் தோன்றி, கைப்பொருள் தீர்ந்தபின் சூதாடி வென்ற பொருளால் அடியார்க்கு அமுதளித்தவர் அவர். ஆட்டத்தில் மறுத்தாரைச் சுரிகையால் குத்தியும் பொருள் பெற்றவர். இவ்வரலாறு இடர்ப்பாடு உடையதே. எனினும் அதில் இரண்டு சிறு செய்திகள் உள. சூதில் வந்த பொருளை மூர்க்கர் தம் கையால் தீண்டுவதில்லை. சமைப்போரே அதனைக் கொள்வர். அடியாரெல்லாம் உண்டபின் அவர் கடைப்பந்தியில் இருந்து உண்பார். கதை நடத்தற்கு இவ்விரண்டும் வேண்டியன அல்ல. பணத்தின் கறையை மூர்க்கரும் அறிவார், அவரைப் பாடியவரும் அறிவார் என்பதற்கே அவை சான்று. வீழிமிழலைக் கடைக்காரன் கேட்ட வாசியைக் குடந்தையில் மூர்க்கர் தமக்குத் தாமே கழித்துக்கொண்டார் என்னலாம்.

பொருள் வந்த வழி இவ்வாறாக, கொடுக்கும் பொருளின் சுமை யார்மேல் விழுகின்றது என்னும் வினா இதனினும் கடியது. வள்ளன்மையைப் புகழ்ந்து பாடும் நூல்கள் இதனைக் கேளாமலே சென்றுவிடும். பெரியபுராணத்தில் அது சிலவிடத்துக் கேட்கப்படுகின்றது, சிலவிடத்து விடப்படுகின்றது. இளையான்குடி மாறனார் நிலம் விற்று, கடன்பட்டு, மழை இரவில் வந்த விருந்தினர்க்காக அன்று விதைத்த நெல்லையே வாரிக் கொணர்கின்றார். அவ்வழியைச் சொன்னவர் மனைவியார். ஆகலின் அக்கொடை இருவர் கொடை. குங்கிலியக் கலயரின் கதை இத்துணைச் சமன் உடையதன்று. இரண்டு நாள் பட்டினியில், நெல் கொள்வதற்கென மனைவியார் கழற்றித் தந்த மங்கலத் தாலியைக் கொடுத்து அவர் குங்கிலியப் பொதி வாங்கிவிடுகின்றார். கணவர் கோயிலில் ஒன்றிநிற்க, மனைவியும் மக்களும் பசியால் அயர்ந்து உறங்கிய அவ்விரவைச் சேக்கிழார் மறைத்திலர். இறைவனும் முதலில் நிரப்புவது வீட்டைத்தான். கனவில் முதலில் செய்தி கேட்பவரும் அவ்வம்மையாரே. திருவொற்றியூர்க் கலிய நாயனார் வரலாற்றிலோ விளக்கெண்ணெய்க்காக மனைவியை விற்க முயலும் செய்தி வந்தும், அவர் குரலை நாம் கேட்கின்றிலோம். வாங்குவார் இல்லாமையால் அவர் விலைப்படவில்லை, அவ்வளவே. புலவர் இங்கு விரைந்து கடந்துவிட்டார் என்றே கூறல் வேண்டும்.

இவ்வினா முழு வன்மையோடு எழுவது கடல்சூழ்ந்த சருக்கத்தில். இடங்கழியார், புகழ்த்துணையார், கோட்புலியார் ஆகிய மூவரும் இச்சருக்கத்தே வருகின்றனர். இவ்வரிசை சுந்தரரின் திருத்தொண்டத்தொகை வகுத்தது; சேக்கிழார் தேர்ந்தது அன்று. எனினும் மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்பார்க்கு ஒரே பொருளின் மூன்று நிலைகள் தோன்றாமற்போகா. கோனாட்டுக் கொடும்பாளூர் மன்னர் இடங்கழியாரின் நெற்பண்டாரத்தில் அடியாரொருவர் நள்ளிரவில் திருடிப் பிடிபடுகின்றார். அடியாரை உண்பிக்கவே எடுத்தேன் என்கின்றார். மன்னர் அவரை விடுவித்ததோடு அமையாது, தமக்குப் பண்டாரம் இவரே எனத் துணிந்து, அடியார் எவரும் நெல்லையும் நிதியையும் கவர்ந்து கொள்க எனப் பறையறைவிக்கின்றார். புகழ்த்துணையார் பஞ்சத்திலும் கோயிலை விட்டு நீங்காதவர். பசியால் தளர்ந்து, நீராட்டும் குடம் இறைவன் திருமுடிமேல் விழ, அஞ்சி உறங்கினார். பஞ்சம் தீருமளவும் அவர்க்கு நாளொரு காசு கிடைத்தது. கைத்தொண்டர்க்கு வந்த அக்காசிலும் வாசி பற்றிய பேச்சே இல்லை.

மூன்றாவது கோட்புலியார். சோழர் படைத்தலைவராய்ப் பெற்ற பொருளெல்லாம் இறைவன் திருவமுதுக்கென நெல்லாக்கிக் குவித்தவர். போருக்குச் செல்லுங்கால், அதனைத் தொடற்க என்று சுற்றத்தாரிடம் ஆணையிட்டுச் சென்றார். பஞ்சம் வந்தது, அவர்கள் எடுத்து உண்டனர். திரும்பிய கோட்புலியார் அனைவரையும் வாளால் கொன்றார். அந்நெல்லை உண்ணாத குழவியையும், உண்டவளின் பாலை உண்டது என்று விடாமல் வெட்டினார்.

உரையாசிரியர் பலரும் இதனைப் பற்றறுத்தலின் உச்சம் எனக் கொண்டு அமைதி கூறுவர். இறைவன் தோன்றிக் கொலையுண்டாரும் உயர்கதி பெறுவர் என்று அருளியதை அதற்கு ஆதரவாகக் காட்டுவர். கதையின் சமயப்பொருள் அதுவாயின் ஆகுக. ஆயினும் இடங்கழியாரின் நெற்கூட்டையும் கோட்புலியாரின் நெற்கூட்டையும் ஒரே சருக்கத்தில் வைத்துப் படிக்கும் மாணாக்கர்க்கு அவ்வமைதி போதாது. ஒருவர் நெல் தம்முடையது என்று எண்ணியிருந்தவர். பசியைக் கண்டு திறந்துவிட்டார். மற்றவர் நெல் தம்முடையது அன்று, இறைவனுடையது என்று எண்ணியவர். பசியைக் கண்டும் வாளெடுத்தார். தமது என்ற பொருளை விடுவது எளிதாகவும், இறைவனது என்ற பொருளை நெகிழ்ப்பது அரிதாகவும் முடிந்த இம்முரண் கூர்ந்து நோக்கத்தக்கது. அறத்துக்கென ஒதுக்கிய பொருளிலும் உடைமை உணர்வு பெயர் மாறிக் குடியிருத்தல் கூடும். கோயிற் பண்டாரங்களை அருகிருந்து அறிந்த அமைச்சர் இதனை அறியாதிருந்தார் என்று கொள்ளுதல் அரிது.

அவர் அறிந்தே இருந்தார் என்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. மிகச் சுருங்கிய இப்புராணத்தில், கூட்டைத் திறக்குமுன் சுற்றத்தார் தம்முள் பேசிக்கொள்ளும் பேச்சினைச் சேக்கிழார் இடம் கொடுத்து வைத்துள்ளார். உணவின்றி மடிவதினும் இந்நெல்லை உண்டு பிழைத்து, குற்றம் நேராவண்ணம் பின்னர்த் திருப்பி அளிப்போம் என்பது அதன் கருத்து. அவர்களை ஆணை கடந்த பேராசைக்காரர் என ஒரு சொல்லால் முடித்திருப்பின் கோட்புலியாரின் வாளுக்கு எளிய நியாயம் கிடைத்திருக்கும். அவர்கள் கேட்டதோ கடன்; அக்காலத்துக் கோயில்கள் ஊர்ச்சபைகளுக்கு நாள்தோறும் அளித்துவந்த அதே கடன்.