நெஞ்சுக்கறியோடு நின்றுபோகும் வேட்டை

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் காட்டு வான்கோழி 1851இல் அற்றுப்போனது. அதன்பின் நூற்றிருபது ஆண்டுகள் அங்கே அந்தப் பறவை நிலைபெறவில்லை. 1972, 73இல் நியூயார்க் மாநிலத்தில் பிடித்த 37 பறவைகளைக் கொண்டுவந்து பெர்க்‌ஷயர் மலைக்காட்டில் விட்டார்கள். இன்று பாஸ்டனை ஒட்டிய புருக்லைனில் வான்கோழிகள் நடைபாதையில் போகிறவர்களைத் துரத்துகின்றன. அமெரிக்கக் காட்டுயிர்ப் பாதுகாப்பு சொல்லிச் சொல்லி மகிழும் கதைகளில் இது ஒன்று. கூடவே வரும் வரி: இதற்குப் பணம் தந்தவர்கள் வேட்டைக்காரர்கள். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மை எங்கே சாக்காக மாறுகிறது என்று பார்க்க, வெடி வெடிக்கும் இடத்தோடு நின்றுவிடக் கூடாது. பறவை அடுப்புக்கும் அலமாரிக்கும் வந்துசேரும்வரை கூடவே போக வேண்டும்.

அழித்ததில் பெரும்பங்கும் வேட்டையுடையதே. சந்தைக்காகச் சுட்டார்கள், ஒதுங்க இடமின்றிக் காட்டையும் வெட்டினார்கள். 1900இல் வந்த லேசி சட்டம், சட்டத்தை மீறிக் கொன்ற உயிரினங்களை மாநில எல்லை தாண்டி விற்பதைத் தடுத்தது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், நீளத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதித்த 11 சதவீத வரியை மாநிலக் காட்டுயிர்த் துறைகளுக்குத் திருப்பிவிட்டது. பணம் இருந்தும் வழி பிடிபடவில்லை. பண்ணையில் பொரித்து வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். பிழைக்கத் தெரியாமல் அவை மடிந்தன. 1951இல் தென் கரோலினாவில் பீரங்கி வலையைப் பயன்படுத்தினார்கள். தீனி தூவிய இடத்தில் பறவைகள் கூடியதும், சிறு குழாய்கள் வெடித்து வலையை அவற்றின்மேல் வீசும். அப்படிப் பிடித்த காட்டுப் பறவைகளையே வேறு காடுகளில் குடியேற்றினார்கள். தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கிய 1973இல் நாடெங்கும் சுமார் 13 லட்சம் பறவைகள் இருந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது 60 லட்சத்தைத் தாண்டியது.

இந்தியா வேட்டைக்குச் சட்டத்தால் தாழ்ப்பாள் போட்டதும் 1972இல்தான். இரண்டையும் அருகருகே வைத்து, 'அவர்கள் வழிதான் சரி' என்று வாதிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. உரிமம், கால வரம்பு, கொன்றவுடன் பறவையோடு சேர்க்க வேண்டிய சீட்டு, எந்நேரமும் வந்து நிற்கக்கூடிய அதிகாரி, இவற்றுக்கெல்லாம் மேலாகக் காட்டிறைச்சியை விற்கவே கூடாது என்ற தடை: இத்தனை கட்டும் சேர்ந்துதான் அங்கே வேலை செய்தது. கட்டை விட்டுவிட்டு வேட்டையை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது.

வசந்தகால வேட்டைக்கு ஓர் ஒழுங்கு இருப்பதை மறுக்க முடியாது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணையும் இனம் இது. பெட்டைகள் அடைகாக்கும் நாட்களை ஒட்டிச் சேவல்களை மட்டும் எடுத்தால் அடுத்த தலைமுறைக்குக் குறைவில்லை என்பது கணக்கு. (பல மாநிலங்களின் விதி 'தாடியுள்ள பறவை' என்கிறது. சில பெட்டைகளுக்கும் நெஞ்சில் தாடி முளைக்கும் என்பதால் அதில் சிறு ஓட்டை உண்டு.) விடியுமுன் அடிமரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, மரப்பெட்டியை உரசியோ, கற்பலகையில் குச்சியைத் தேய்த்தோ, வாய்க்குள் வைத்த மெல்லிய சவ்வை ஊதியோ பெட்டையின் குரலை எழுப்புவார்கள். இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் கூவும், பெட்டைதான் தேடிப் போகும். வேட்டைக்காரர் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கிச் சேவலை நடக்கவைக்கப் பார்க்கிறார். பெரும்பாலான காலைகளில் அது நடப்பதில்லை. நாற்பது கெஜத்துக்குள் வந்தால் தலையையும் கழுத்தையும் குறிவைத்து ஒரே வெடி. அதனால் மானிறைச்சியைப் போல ஈயத் துணுக்குகள் கறிக்குள் பரவும் ஆபத்து இங்கே குறைவு. ஆனால் காட்டில் வீசிவிட்டு வரும் தலையும் கழிவும் கழுகுகளின் வயிற்றுக்கு ஈயத்தைக் கொண்டுபோகும். கலிபோர்னியா 2019 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடைசெய்திருப்பது இதை எண்ணித்தான்.

இந்தப் பொறுமையைத்தான் புதிய கருவிகள் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன. டங்ஸ்டன் ரவைகள் வெடியின் எல்லையை நீட்டிவிட்டன. விரித்த வால்தோகை ஒன்றைக் கேடயம்போல் முன்னே பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் ஊர்ந்தே சேவலை நெருங்கும் முறை ஒன்று பரவியிருக்கிறது. சேவல் அதைப் போட்டியாளன் என்று நினைத்துப் பாய்ந்து வரும். இதை வேட்டைத் திறன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவலின் தலையில் இருக்கும் நிறங்கள் என்பதால் அவற்றை உடுத்திக் காட்டுக்குள் போகாதே என்று பாலபாடத்திலேயே எச்சரிக்கிறார்கள். எல்லோரும் இலைநிற உடையில் ஒளிந்துகொண்டு வான்கோழிக் குரல் எழுப்பும் காட்டில், ஒருவர் வான்கோழி வாலுக்குப் பின்னால் தவழ்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

தென்கிழக்கு மாநிலங்களில் எண்ணிக்கையும் சரிகிறது. அலபாமா 2022இல் பருவத் தொடக்கத்தைத் தள்ளிவைத்து, ஒருவருக்கு ஐந்து என்றிருந்த வரம்பை நான்காக்கியது. அடுத்த ஆண்டு டென்னசி மூன்றை இரண்டாக்கியது. முதல் வாரத்திலேயே முதன்மைச் சேவல்களைச் சுட்டுவிடுவது இணைதலைக் குலைக்கிறது என்பது ஒரு தரப்பு. குஞ்சுகள் தப்பும் புதர்க்காடு குறைந்ததும், ரக்கூன் தோலுக்கு விலை விழுந்ததால் முட்டை திருடும் அந்த விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பார் இல்லாமல் போனதும்தான் காரணம் என்பது மறுதரப்பு. இரண்டாவதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். இருந்தாலும் வாழிடத்தைச் சீராக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும், வரம்பைக் குறைக்க ஓர் அறிவிப்பு போதும். குறைப்பதில் தவறில்லை.

இனிச் சமையலறை. வேட்டைக்காரரின் முதல் அறவாதமே 'கொன்றதைத் தின்கிறேன்' என்பதுதான். நடைமுறையில் பலர் செய்வது வேறு. நெஞ்சுத்தோலைக் கீறி, இரண்டு பக்கத்து நெஞ்சுக்கறியை வழித்தெடுத்துவிட்டு, காலும் தொடையும் இறக்கையும் ஈரலும் உள்ள மிச்ச உடலைப் புதருக்குள் எறிந்துவிடுவார்கள். சில நிமிட வேலை. வீணடிப்பைத் தடுக்கும் சட்டங்கள் உண்டு. ஆனால் சில மாநிலங்களில் நெஞ்சை எடுத்தாலே சட்டம் திருப்தியடைந்துவிடுகிறது. எட்டொன்பது கிலோ எடையுள்ள சேவலைக் கொன்று அதன் கறியில் கணிசமான பங்கைக் கழுகுக்கு விடுபவர், கடைக் கறி வாங்குபவரைவிடத் தாம் மேல் என்று பேசுவதைக் கேட்கப் பொறுமை வேண்டும்.

அவர்கள் சொல்லும் காரணம், கால்கறி கடிக்க முடியாது என்பது. பாதி உண்மை. வாழ்நாளெல்லாம் நடந்து, ஓடி, சருகைக் கிளறித் தின்ற கால் அது. வயதாக ஆகக் காலின் தசைநாண்கள் எலும்புக் குச்சிகளாகவே இறுகிவிடும். வறுத்தால் தோற்போம். கொஞ்சம் நீர்விட்டு மூடி, சிறுதீயில் மூன்று நான்கு மணிநேரம் விட்டால் கறி தானாகக் கழன்று வரும், குச்சிகளைக் கையால் உருவிப் போடலாம். முற்றிய நாட்டுக்கோழியை வேகவைத்துப் பழகிய கைக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. சுவையும் அங்கேதான் இருக்கிறது. நெஞ்சுக்கறி மென்மையே தவிர ருசியில் தொடைக்கு அடுத்தபடிதான்.

நெஞ்சுக்கும் தனிப் பக்குவம் வேண்டும். கடையில் விற்கும் வான்கோழிக்குப் பெரும்பாலும் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள், கொழுப்பும் தாராளம். காட்டுப் பறவையில் இரண்டும் இல்லை. இணைசேரும் பருவத்தில் சேவல் சரியாகத் தின்பதில்லை. முன்நெஞ்சில் சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவழித்தே நாளைக் கடத்தும். அதனால் பருவக் கடைசியில் விழுந்த பறவை இன்னும் மெலிந்திருக்கும். ஓர் இரவு உப்புநீரில் ஊறவைத்து, உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்க வேண்டும். அதற்குமேல் விட்டால் மரத்தூள். வெந்நீரில் முக்கி இறகு பிடுங்குவது சலிப்பான வேலை என்று பலர் தோலை உரித்துவிடுகிறார்கள். இருந்த ஒரே ஈரக்காப்பும் அதோடு போய்விடுகிறது.

பதப்படுத்தலில் அலட்சியம் வந்தால் சுவை கெடுவதோடு நிற்பதில்லை. தென் மாநிலங்களில் ஏப்ரல் வெயிலே கடுமை. குடலையும் தீனிப்பையையும் உடனே நீக்கி, 4 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். உறையவைப்பது எளிய வழி: காற்றை உறிஞ்சி மூடிய பையில், கழித்தல் 18 டிகிரியில், துண்டுகள் ஒன்பது மாதம் தரம் குன்றாமல் இருக்கும். கண்ணாடிச் சீசாவில் அடைப்பதுதான் கிராமத்துக் குடும்பங்களின் பழைய பெருமை. எலும்பில்லாத கறி என்றால் அரை லிட்டர் அளவுள்ள சீசாவுக்கு 75 நிமிடம், ஒரு லிட்டர் அளவுக்கு 90 நிமிடம், கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் 10 பவுண்டு அழுத்தம்; உயரம் கூடினால் அழுத்தமும் கூட வேண்டும். புளிப்பில்லாத உணவில், காற்றுப் புகாத சீசாவுக்குள், கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீருக்கு அசையாமல் உயிரோடிருந்து, பிறகு முளைத்து நஞ்சைச் சுரக்கும். அவற்றைக் கொல்ல 116 டிகிரி வேண்டும். அதற்கென்றே பிரஷர் கேனர் இருக்கிறது. நம் வீட்டுச் சிறு பிரஷர் குக்கர் அதற்கு ஈடல்ல. 'பாட்டி வெறும் கொதிநீரில்தானே அடைத்தார்' என்ற வாதம் அமெரிக்காவிலும் தாராளமாகப் புழங்குகிறது. 2015இல் ஒஹாயோவின் லங்காஸ்டரில் ஒரு தேவாலய விருந்தில் அப்படி அடைத்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்ட 29 பேர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். உருளைக்கிழங்குக்கே இந்தக் கதி.

ஜெர்க்கி என்னும் உப்புக்கண்டத்திலும் இதே கவனம் வேண்டும். கோழியினக் கறியை முதலில் 74 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுப் பிறகு உலர்த்தச் சொல்கிறது அமெரிக்க வேளாண்துறை. சூடாக்காமல் உலர்த்தினால் கிருமி வெப்பம் தாங்கப் பழகிக்கொள்ளும். தொத்திறைச்சி செய்பவர்கள் கால்கறியை அரைத்துப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் ஒட்டாது. 'கொழுப்பே இல்லாத காட்டிறைச்சி' என்ற பெருமை அத்தோடு கரைந்துவிடுகிறது என்றாலும், காலைக் குப்பையில் போடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

மலிவான கறி என்ற வாதம் நிற்காது. உரிமம், துப்பாக்கி, உடை, பெட்ரோல் எல்லாம் கூட்டினால் கிலோ விலை கேட்க வெட்கமாக இருக்கும். நிற்கும் வாதம் வேறு. நன்றியறிதல் நாளுக்காக அமெரிக்காவில் சுமார் 4.6 கோடி வான்கோழிகள் மேசைக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பான்மை நெஞ்சு பெருக்கவென்றே வளர்த்த வெள்ளை இனம். அந்தச் சேவலால் இயற்கையாக இணையவே முடியாது, செயற்கைக் கருவூட்டல்தான். இணைதேடி நடந்துவந்து விழும் காட்டுச் சேவல், அதுவரை பறவையாக வாழ்ந்தது. அந்த வேறுபாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு தட்டிலும் கடைசியில் எஞ்சுவது நெஞ்சுக்கறி மட்டுமே என்றால், பண்ணைக்காரர் இனப்பெருக்கத்தில் செய்ததை வேட்டைக்காரர் கத்தியால் செய்கிறார்.

கொன்ற பறவையைப் பதிவுசெய்யும் பல மாநிலப் படிவங்கள் தாடியின் நீளத்தையும் கால்முள்ளின் நீளத்தையும் கேட்கின்றன. காலும் தொடையும் என்ன ஆயின என்று ஒரு கேள்வியைக் கூடச் சேர்ப்பதில் செலவேதும் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் உரிமத்துக்கு முன் பாதுகாப்பு வகுப்பும் உண்டு. அதில் ஒரு மணிநேரத்தை அடிகனமான பாத்திரத்துக்கும் அழுத்தமானிக்கும் ஒதுக்கலாம். வீணடிப்புச் சட்டத்தின் வரையறையில் நெஞ்சோடு காலையும் சேர்த்துவிட்டால், சிறுதீயில் வேகவைக்கப் பொறுமையில்லாதவர்கள் அண்டை வீட்டில் யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். விற்கத்தான் தடை, கொடுக்கத் தடையில்லை.