எம்பாரின் திருக்கை: உபந்யாஸத்தில் சொல்லும் அபிநயமும்

பெரியாழ்வார் திருமொழியில் இரண்டாம் பத்தின் முதல் திருமொழி, கண்ணபிரான் அப்பூச்சி காட்டி விளையாடுவதைச் சொல்வது. உடன் விளையாடும் பிள்ளைகளை அஞ்சப்பண்ணுகை அப்பூச்சி. எம்பெருமானார் எழுந்தருளியிருந்த கோஷ்டியில் ஒருநாள் அரையர் இத்திருமொழியைப் பாடி அபிநயித்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் அச்சுறுத்தும் உலகவழக்கைக் கருதி, கண்ணிமைகளை மடித்து விழிகளைக் கொடியனவாகக் காட்டினார். எம்பெருமானார்க்குப் பின்னே இருந்த எம்பார் வாய்திறக்கவில்லை. தம் திருக்கைகள் இரண்டையும் தோள்களுக்கு நேரே உயர்த்தி, சங்கும் சக்கரமும் ஏந்தியிருக்கும் நிலையைக் காட்டினார். அரையர் அதைக் கண்டுகொண்டு, மீண்டும் பாடும்போது அவ்வாறே அபிநயித்தார். அபிநயம் மாறிய அளவிலே எம்பெருமானார் இது எங்கிருந்து வந்தது என்று அறிந்து, பின்னே கோவிந்தப்பெருமாள் இருக்கிறாரோ என்று கேட்டருளினாராம்.

இந்த ஐதிஹ்யத்தை எம்பாருடைய ரஸிகத்வத்துக்கு ஓர் உதாரணமாகச் சொல்லி மேலே போய்விடுவது நம் வழக்கம். அடியேனுக்கோ, பெரியோர் திரளில் பேசுகிறவனுடைய கையும் கண்ணும் எதற்காக என்ற கேள்விக்கு நம் ஸம்ப்ரதாயம் தந்திருக்கும் தெளிவான விடை இதுவே என்று தோன்றுகிறது. இக்காலத்தில் உபந்யாஸங்கள் பெருகியிருக்கின்றன, கேட்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். உபந்யாஸகரின் குரலையும் முகபாவத்தையும் புகழாதவர் இல்லை. ஆனால் அவற்றை எந்த அளவுகோலால் அளப்பது என்று ஆராய்வார் அரியர். ஆகவே இந்த விஷயத்தைச் சற்று விரித்துப் பார்க்கலாம்.

மாறியது எது?

அரையர் இருமுறை பாடியபோதும் பாசுரம் ஒன்றே, இசை ஒன்றே, தாளமும் ஒன்றே. மாறியது கை மாத்திரமே. ஆயினும் அர்த்தம் முழுதும் மாறிவிட்டது. இமையை மடித்துக் காட்டினால் அது எந்த ஆயர் சிறுவனும் செய்யத்தக்க குறும்பு. சங்க சக்கரங்களோடு காட்டினாலோ, நித்யஸூரிகள் கண்டு களிக்கும் கோலமே இடைப்பிள்ளைகளுக்கு அச்சம் தரும் அப்பூச்சியாகிவிடுகிறது. தம்மோடு மண்ணளைந்தவன் திடீரென்று நான்கு தோள்களோடு நின்றால் அவர்கள் அஞ்சாமல் என் செய்வர்? எளிமைக்குள் ஒளிந்திருந்த பரத்வம் ஒரு கணம் தலைகாட்டி மறைவதே அங்குள்ள சுவை.

கவனிக்கத்தக்கது மற்றொன்று உண்டு. அத்திருமொழி தொடங்கும்போதே ஆழ்வார் அவனைச் சங்கேந்தியவனாகவே பேசுகிறார். எம்பாரின் கை பாசுரத்துக்கு வெளியிலிருந்து வந்ததன்று. பாசுரத்தின் முதலடியிலிருந்தே எழுந்தது. இமை மடிப்பு உலகவழக்கிலிருந்து வந்தது. அரையர் காட்டிய அச்சமும் அச்சமே. அதைக் குறைசொல்ல நாட்டியம் அறிந்தவர்க்கும் இடமில்லை. ஆயினும் அது ஆழ்வார் சொன்ன அச்சமன்று. அபிநயத்திலும் பொருந்திய பொருள், பொருந்தாத பொருள் என்ற பாகுபாடு உண்டென்பதும், அதைத் தீர்ப்பது காண்போரின் உகப்பன்று, பாசுரத்தின் சொல்லே என்பதும் இதனால் ஸித்திக்கின்றன.

திருத்திய முறையும் நினைக்கத்தக்கது. எம்பார் இடைமறித்துப் பேசியிருந்தால் இசை முறிந்திருக்கும்; அரையர்க்கும் கூசியிருக்கும். கையால் வந்த குறை கையாலேயே தீர்ந்தது.

திருவடியும் அரையரும்

வால்மீகி பகவான் கிஷ்கிந்தா காண்டத்தின் 3-ஆம் ஸர்கத்தில் பேச்சுக்கு ஒரு இலக்கணமே வகுத்துவிட்டார். பிக்ஷு வேஷத்தோடு வந்து பேசிய திருவடியைப் பற்றிப் பெருமாள் இளையபெருமாளிடம் சொல்லும் இடம் அது. முதலில் வேதப்பயிற்சியையும் வ்யாகரணத் தேர்ச்சியையும் சொல்லி, இவ்வளவு பேசியும் ஒரு சொல்லும் வழுவவில்லை என்கிறார். அடுத்து முகத்திலும் கண்களிலும் நெற்றியிலும் புருவங்களிலும் மற்ற அவயவங்களிலும் ஒரு குற்றமும் தென்படவில்லை என்கிறார். அதன்பின் குரல்: நீட்டலும் இல்லை, ஐயத்துக்கு இடமும் இல்லை; மார்பிலும் கண்டத்திலும் நின்று மத்யம ஸ்வரத்தில் வந்த வாக்கு என்கிறார்.

இந்த வரிசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. சொல்லின் சிறப்பை உள்ளதாகச் சொன்ன பெருமாள், உடம்பின் சிறப்பை இல்லாமையாலே சொல்கிறார். முகம் அழகாக அசைந்தது என்று சொல்லவில்லை. குற்றம் காணப்படவில்லை என்றே சொல்கிறார். தூதனுடைய உடம்பு தன்பக்கம் பார்வையை இழுக்கலாகாது. பாணினீய சிக்ஷை அதமர் என்று ஒதுக்கும் ஆறு பாடகர்களும் இதற்கு ஒத்தவர்களே: பாட்டாகப் பாடுகிறவன், விரைகிறவன், தலையை ஆட்டுகிறவன், எழுதினதைப் பார்த்துப் படிக்கிறவன், பொருள் அறியாதவன், குரல் மெலிந்தவன். வேதபாடத்துக்காகச் சொன்னதாயினும், அறுவரில் ஐவர் உடம்பாலும் குரலாலும் கெட்டவர்கள் என்பது யோசிக்கத்தக்கது.

அப்படியானால் திருவடியின் அடக்கமும் எம்பாரின் கையும் முரண்படுகின்றனவோ என்னில், இல்லை. திருவடி தம் சொல்லைப் பேசினார். அங்கே உடம்பு குறுக்கிடாதிருந்தால் போதும். அரையர் ஆழ்வாருடைய சொல்லைக் காட்டுகிறார். அங்கே கை வ்யாக்யானமாகவே ஆகிறது. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை ஆகிய தலங்களில் அரையர் ஸேவையைக் கண்டவர்கள் இதை அறிவார்கள். தலையில் குல்லாய், கையில் தாளம். முகப்பூச்சும் இல்லை, சலங்கையும் இல்லை. பாசுரம் இசையோடு வருகிறது, அபிநயம் வருகிறது, பின் வ்யாக்யானம் ஸேவிக்கப்படுகிறது. காதும் கண்ணும் ஒரே பொருளை இருமுறை பெற்ற பிறகே வ்யாக்யானத்தின் சொல் வருகிறது.

உபந்யாஸகர் இவ்விருவருக்கும் நடுவே நிற்கிறவர். பெரும்பொழுது அவர் தூதர். சில கணங்களில் மாத்திரம் அரையர். இந்தக் கணக்குத் தலைகீழாவதே இன்றுள்ள குறை.

ஏட்டில் நின்ற குரல்

நம்பிள்ளை 13-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தில் திருவாய்மொழிக் காலக்ஷேபம் ஸாதித்தார். பகலில் கேட்டதை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் ஏட்டில் எழுதிவைத்தார். ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று நாம் கொண்டாடுவது அதுவே. ஆகவே அது எழுதுவதற்காக எழுதின நூலன்று; ஒருவர் பேச மற்றொருவர் காதில் தாங்கிய பேச்சு. அதன் வாசகத்தில் அடிக்கடி வரும் ‘என்னில்’, ‘இறே’ என்னும் சொற்களைப் பாருங்கள். ‘என்னில்’ என்ற இடத்தில் எதிரே இருந்த ஒருவருடைய முகத்தில் ஐயம் தோன்றியிருக்க வேண்டும். ‘இறே’ என்பது அன்றோ என்று கேட்போரை உடன்படுத்தும் சொல். அது பார்வையோடு கூடின சொல். நம்பிள்ளையின் கையும் கண்ணும் ஏட்டில் ஏறவில்லை. அவை சென்ற திசையை இச்சொற்கள் காட்டிக்கொண்டிருக்கின்றன.

அடியேன் ஈட்டைப் படித்தது பள்ளிக்கூடத்திலன்று. குடவாசலில் எங்கள் அகத்துத் திண்ணையில், திருத்தகப்பனாரிடம். ‘இறே’ வரும்போதெல்லாம் அவர் ஏட்டிலிருந்து கண்ணை எடுத்து அடியேனைப் பார்ப்பார். தலையசைத்தால் மேலே செல்வார். விழித்தால் அவ்வாக்யத்தை மீண்டும் ஸாதிப்பார். வேறு கைவேலை ஒன்றும் அவரிடத்தில் இல்லை. பல ஆண்டுகள் சென்றபின் ஒரு திரளில் ஈட்டின் வாக்யங்களை ஒருவர் தலைதூக்காமல் ஒரே ஸ்வரத்தில் படிக்கக் கேட்டபோது, ‘இறே’ வெறும் அசைச்சொல்லாகக் கிடந்ததைக் கண்டேன். எழுத்தில் ஒன்றும் குறையவில்லை. கேட்பவன் மாத்திரம் காணாமற்போயிருந்தான்.

மேடையில் பிளிறின யானை

இனி எதிர்ப்பக்கம். சில ஆண்டுகளுக்கு முன் இப்பக்கத்து ஊரொன்றில் கஜேந்த்ர மோக்ஷ உபந்யாஸம் நடந்தது. கஜேந்த்ரன் வரலாறு காவிரிக்கரைக் கபிஸ்தலத்தோடு சேர்ந்தது ஆகையால் இந்நாட்டார்க்கு உறவுக்கதை போன்றது. பேசினவர் கற்றவர், குரல்வளம் உள்ளவர். முதலையின் வாயில் அகப்பட்ட யானையை அவர் துதிக்கையும் பிளிறலுமாக நடித்துக் காட்டினார். பந்தல் முழுதும் கைதட்டிற்று, குழந்தைகள் சிரித்தன, அவரும் மகிழ்ந்து மீண்டும் ஒருமுறை பிளிறினார். எம்பெருமான் வந்து சேர்ந்த கட்டம், நேரமாயிற்று என்று நான்கு வாக்யங்களில் முடிந்தது.

தொல்காப்பியம் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டில் அச்சத்துக்கும் அழுகைக்கும் உரிய இடத்தில் நகை வந்தது முதற்குறை. அதைவிடப் பெரிது, அவ்வரலாற்றின் உயிர் எங்கே என்பதை அவருடைய உடம்பு மறந்தது. பராசர பட்டர் ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தில் கஜேந்த்ரனைக் காக்க ஓடிவந்த அந்த விரைவையே வணங்குகிறார். நம் பூர்வர்கள் ஈடுபட்டது யானையின் துடிப்பில் அன்று. அது கேட்டு எம்பெருமான் துடித்த துடிப்பில். அங்கே உடம்புக்கு வேலை இருக்குமானால், சொல்லிக்கொண்டிருக்கும் வாக்யம் பாதியில் அறுவதும், தோளில் சரிந்த உத்தரீயத்தைத் திருத்த மறப்பதும் போதும். பிளிறல் இமைமடிப்பைப் போன்றது: உலகில் உள்ளது, உண்மையானது, அந்த இடத்துக்குரியதன்று. எம்பார் போன்ற ஒருவர் பின்வரிசையில் இல்லாமற்போனார்.

இதைக் கண்டு வெறுத்து, உபந்யாஸத்தில் அபிநயமே கூடாது, அது கூத்தர் தொழில் என்று சொல்லும் பெரியோர்களும் உண்டு. அவர்கள் கவலை நியாயமானது, தீர்வு நியாயமன்று. நாதமுனிகள் திவ்யப்ரபந்தத்தைப் பெற்றவுடன் தம் மருமக்களான மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவர்க்கும் இசையோடு கற்பித்தாரென்றே குருபரம்பரை சொல்கிறது. கையை விலக்குகிறவர்கள் அடுத்து இசையையும் விலக்க நேரும். மிஞ்சுவது அச்சிட்ட புத்தகமே.

ஒலிபெருக்கி வந்தபின் வேறொரு மாறுதலும் நேர்ந்திருக்கிறது. மைக்கின் முன் அசையாமல் இருக்க வேண்டியிருப்பதால் உடம்பு கட்டுண்கிறது. மார்பிலிருந்து வரவேண்டிய குரலுக்கு அவசியம் இல்லாமற்போகிறது. காணொளியிலோ முகத்தை மாத்திரம் நெருங்கிக் காட்டுகிறார்கள். கைகள் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. முகம் ஒன்றையே நம்பிப் பேசவேண்டியிருப்பதால் புருவமும் உதடும் இரட்டை வேலை செய்கின்றன. எதிரே விழிப்பாரும் இல்லை, தலையசைப்பாரும் இல்லை. ‘என்னில்’ என்று யாரைக் கேட்பது? இவற்றைத் தவிர்க்க இயலாது. கைகளும் தெரியும்படி சற்று விலகிப் படம்பிடிப்பதும், கற்றவர் நால்வரை எதிரே இருத்திப் பேசுவதும் இயலாதவை அல்ல.

முடிவாக அடியேன் விண்ணப்பம் செய்வது ஒன்றே. உபந்யாஸத்துக்கு ஆயத்தம் செய்கிறவர்கள் பாசுரத்தையும் வ்யாக்யானத்தையும் ஆராய்வது போலவே, எந்தச் சொல்லில் கை எழவேண்டும், எங்கே அடங்கவேண்டும் என்பதையும் பாசுரத்தைக் கொண்டே ஆராய வேண்டும். ஆராய்ந்தபின், எம்பார் போன்ற ஒருவர் பார்க்கும்படி ஒருமுறை சொல்லிக்காட்டுவது இன்னும் நன்று. எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் செல்லும் வழியில் திருச்சேறையையும் திருநறையூரையும் ஸேவித்துக்கொண்டு போனால், அதற்கும் அருகே திருவிண்ணகரில் ஒப்பிலியப்பன் நிற்கிறான். அவனுடைய வலத்திருக்கை தன் திருவடிகளைக் காட்டுகிறது. அந்தக் கையிலேயே சரம ச்லோகத்தின் சரணாகதிச் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தறியாதவர் கையைக் கண்டு அறிகிறார். எழுத்தறிந்தவர் சொல்லைப் படித்து அறிகிறார். இருவரும் சென்று சேருமிடம் அவன் திருவடிகளே. கையும் சொல்லும் அவ்வாறு ஒன்றையே காட்டுமாறு பேசுகை உபந்யாஸகர்க்கு ஸ்வரூபம். இதில் பிழையிருந்தால் பெரியோர் பொறுத்துத் திருத்தியருள்க.