அடுத்த யூடி எப்போ, சிஸ்?

பிரதிலிபி செயலியை இறக்கிக் கணக்குத் தொடங்க, டீ ஆறும் நேரம்கூட ஆகாது. மொழி கேட்கிறது, பெயர் கேட்கிறது, எழுதச் சொல்கிறது. ஆசிரியர் குழு கிடையாது. 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று திரும்பி வரும் உறையும் கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தினால் சென்னை நாவலூரில் இன்னொரு எழுத்தாளர் பிறந்துவிடுகிறார். ஏற்கெனவே இங்கே அடுக்ககத்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பகலில் சிறுசேரியில் ஜாவா எழுதுவார்கள், இரவில் காதல் எழுதுவார்கள். முன்னதில் பிழை வந்தால் யாராவது டிக்கெட் போடுவார்கள். பின்னதில் பிழை வந்தால் 'சூப்பர் சிஸ்' போடுவார்கள்.

வெற்றிகரமான எழுத்தாளர் ஆக இந்தச் செயலி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று பார்ப்பதுதான் இந்த மாத வேலை. வெற்றி என்றதும் சாகித்திய அகாதெமியை நினைக்க வேண்டாம், அதை வேறு யாராவது விமர்சிக்கட்டும். வாசித்தோர் எண்ணிக்கை ஏறுகிறதா, காயின் விழுகிறதா, மூன்றாவது மாடி அக்கா லிஃப்டில் பார்த்து "அடுத்தது எப்பங்க வரும்?" என்று கேட்கிறாரா, அவ்வளவுதான் அளவுகோல்.

2014இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம். இப்போது 12 இந்திய மொழிகளில் இயங்குகிறது. சீனாவின் டென்சென்டும் இதில் பணம் போட்டிருக்கிறது. 2021இல் 4.8 கோடி டாலர் திரட்டியபோது தலைமை தாங்கியது தென்கொரியாவின் கிராஃப்டன். பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும், பப்ஜி விளையாட்டின் சொந்தக்காரர்கள். குறி பார்த்துச் சுட்டதில் சம்பாதித்த காசு, கும்பகோணத்து மாமியார் மருமகளை மன்னிப்பாரா மாட்டாரா என்ற கேள்வியில் வந்து இறங்கியிருக்கிறது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் கொரியர்கள் கணக்குத் தெரியாமல் வரவில்லை. அவர்கள் ஊரில் காகாவோபேஜ் 2014இலேயே 'காத்திருந்தால் இலவசம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, இணையத் தொடர்கதையிலிருந்து பணம் கறக்கும் வழியைக் காட்டிவிட்டது. அந்த ஏற்பாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தட்டச்சு. செயலியின் எழுதும் பக்கம் எளிமையானது, அதில் குழம்ப ஒன்றுமில்லை. தமிழை உள்ளே கொண்டுபோவது உங்கள் பாடு. தினமும் ஒரு பாகம் போட நினைப்பவர் கொஞ்ச நாள் ஒதுக்கித் தமிழ்99 பழகிக்கொள்வது நல்லது. தமிழ்நாடு அரசு 1999இல் அறிவித்த விசைப்பலகை அது. முத்து நெடுமாறனின் செல்லினத்தைப் போட்டுக்கொண்டால் போனிலேயே வந்துவிடும். ஒரே மெய் இரட்டித்து வரும்போது முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா', 'பக்கம்', 'முத்தம்' எல்லாம் ஒரு தட்டு குறைவாக முடியும். காதல் கதையில் கடைசிச் சொல்லின் புழக்கம் அதிகம் என்பதால் சேமிப்பும் அதிகம்.

ஆனால் எனக்குத் தெரிந்த எழுத்தாளர்களில் பாதிப் பேர் போனைப் பார்த்துப் பேசியே எழுதுகிறார்கள். அந்தக் குரல் தட்டச்சை எங்கள் பழைய மகாபலிபுரம் சாலையில், அதாவது ஓஎம்ஆரில், நின்று சோதித்தேன். ஒரு பக்கம் மெட்ரோ வேலை, ஒரு பக்கம் தண்ணி லாரியின் ஹாரன், நடுவில் ஷேர் ஆட்டோக்காரரின் 'சோளிங்கநல்லூர், சோளிங்கநல்லூர்'. "அவன் மெல்ல அவள் விரலைப் பற்றினான்" என்று சொன்னால், விரலுக்கும் பற்றினானுக்கும் நடுவே ஒரு சோளிங்கநல்லூர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'முற்றுப்புள்ளி' என்றால் புள்ளி வைக்காமல் 'முற்றுப்புள்ளி' என்றே எழுதுகிறது. நாயகன் பாகம் முழுக்கத் தந்தி கொடுப்பவன்போலப் பேசுகிறான். வசனத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருப்பது அதைவிடப் பெரிய சங்கடம். "இந்த ஜென்மத்துல நீ எனக்குத்தான்டி, எங்க ஓடினாலும் விட மாட்டேன்" என்று 570 பஸ்ஸில் உட்கார்ந்து போனிடம் சொல்லிப் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரர் மீதிப் பயணத்தை நின்றுகொண்டே செய்வார்.

அடுத்து கதை. முகப்பில் மேலே மேலே வந்து நிற்கும் தொடர்களைக் கொஞ்ச காலம் விடாமல் படித்தேன், ஆய்வுக்காகத்தான். நாயகன் 'ஆன்டி ஹீரோ'. ஆறடி, பல நூறு கோடிக் கம்பெனி, பல் தெரியச் சிரித்தறியாதவன். நாயகி ஏழை, வாய் மட்டும் நீளம். இருவருக்கும் கட்டாயக் கல்யாணம், இல்லாவிட்டால் ஒப்பந்தக் கல்யாணம். தலைப்பின் முதல் சொல் அரக்கன், அசுரன், ராட்சசன் மூவரில் ஒருவர். இரண்டாவது சொல் பூ அல்லது நிலா. கடைசியில் ஒரு 'டி'. அட்டையில் செயற்கை நுண்ணறிவு வரைந்த கோட்டு போட்ட ஆள், சில சமயம் ஆறு விரலோடு.

இதில் எனக்குள்ள ஆட்சேபம் தொழில்முறையானது. ஓஎம்ஆரில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், ஒரு சிஇஓவை நேரில் பார்த்ததில்லை. அவர்கள் வேறு கண்டத்தில் இருக்கிறார்கள். எப்போதாவது பெரிய திரையில் தோன்றி நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார்கள், அடுத்த வாரம் குடும்பத்தில் சில பேரைக் குறைப்பார்கள். கதைகளிலோ சிஇஓ காலை ஒன்பதுக்கே வந்து வாசலில் நின்றுகொண்டு, பத்து நிமிஷம் தாமதமாக வந்த நாயகியைத் திட்டுகிறான். நிஜத்தில் அந்த வேலையை அட்டை தேய்க்கும் மிஷின் பார்த்துக்கொள்கிறது, அதன்மேல் யாருக்கும் காதல் வந்ததாகத் தெரியவில்லை. அதனால் டெஸ்டிங் டீம் லீட் ஒருவனை நாயகனாக வைத்து, பெருங்குடியில் வாடகை வீடு, தவணையில் வாங்கிய பைக், அப்ரைசல் கவலை என்று யதார்த்தமாக ஒரு பாகம் போட்டேன். கீழே முதல் கருத்து வந்தது: "ஹீரோ எப்போ வருவார் சிஸ்?"

நான் ஆண். ஆனால் இங்கே எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும், நான் பார்த்தவரை, பெரும்பாலும் பெண்கள். ஆகவே எழுதுகிற யாரும் சிஸ், கொஞ்சம் நெருங்கினால் டியர். எஸ். ரங்கராஜன் மனைவி பெயரில் சுஜாதா ஆனார், ஸ்ரீ வேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை ஆனார். அவர்களுக்கு வராத சங்கடமா நமக்கு? மறுக்காமல் விட்டுவிட்டேன். சிஸ் ஆன பிறகு வாசகர் கொஞ்சம் கூடினார்கள் என்பதையும் விமர்சனத்தின் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

நாவலூர்க்காரன் என்ற முறையில் இன்னொரு வருத்தம். இந்த ஊர்ச் சுங்கச்சாவடியில் 2023 அக்டோபரோடு கட்டண வசூலை அரசு நிறுத்திவிட்டது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு லாபம், தொடர்கதைக்காரர்களுக்குப் பெருநஷ்டம். நாயகனின் வெளிநாட்டுக் காரும் நாயகியின் ஆட்டோவும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்று, கண்ணாடி இறங்கி, முதல் பார்வை விழ அதைவிடத் தோதான இடம் இந்தச் சாலையில் கிடையாது. நல்லவேளை, மாதவரம்–சிப்காட் மெட்ரோ வேலை வந்து நெரிசலைக் கூட்டிக் காதலைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி அந்தக் கொரிய ஏற்பாடு. பல தொடர்களில் முதல் சில பாகங்கள் திறந்தே இருக்கும், பிறகு பூட்டு. இலவசமாகத்தான் படிப்பேன் என்பவர் அடுத்த பாகத்துக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். பொறுக்காதவர் காயின் வாங்கித் திறக்கலாம், ப்ரீமியம் சந்தாவும் கட்டலாம். எழுதுகிறவருக்கு இதன் பொருள் என்ன? பாகத்தின் முதல் ஆயிரம் சொற்களில் என்ன நடந்தாலும் கவலையில்லை, கடைசி நாலு வரியில் ஒருவர் கதவைத் தட்ட வேண்டும். அல்லது போன் அடிக்க வேண்டும். அல்லது மயக்கம். நாயகிகள் இங்கே மயங்கி விழும் வேகத்துக்கு ரத்தசோகைதான் காரணமாக இருக்க வேண்டும். கேளம்பாக்கத்தில் ஒரு நல்ல மருத்துவர் கிடைத்தால் பாதித் தொடர்கள் பாதியில் நின்றுவிடும்.

தமிழுக்கு இது பழைய வித்தைதான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. வந்தியத்தேவன் எந்தச் சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்டானோ, அடுத்த இதழ் வரை வாசகரும் அங்கேயே கிடந்தார்கள். ராஜேஷ்குமார் 1500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். அவரும் அத்தியாயத்தைத் திகிலான இடத்தில்தான் வெட்டுவார், ஆனால் ஜி. அசோகனின் மாத நாவலில் பக்கத்தைத் திருப்பினால் பிணம் யாருடையது என்று தெரிந்துவிடும், அதற்குத் தனிக் காசு இல்லை. வாரப் பத்திரிகையில் நடுவே ஆசிரியர் ஒருவர் கத்தரியோடு உட்கார்ந்திருந்தார். கதை இழுத்தால் 'சீக்கிரம் முடிங்க சார்' என்று சொல்ல ஆள் இருந்தது. இங்கே அந்த நாற்காலியில் ஒரு கவுண்ட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கவுண்ட்டருக்குக் கதை முடியவே கூடாது.

என் தீர்ப்பு இதுதான்: கதையை எங்கே நிறுத்துவது என்பதில் இதைப்போல் பயிற்சி தரும் பள்ளி வேறில்லை. எங்கே தொடங்குவது, எதை விடுவது என்பதில் இது சுத்தமாக உதவாது. ஒவ்வொரு பாகத்துக்கும் இத்தனை நிமிட வாசிப்பு என்று செயலி காட்டுகிறது. நிமிடம் குறைந்தால் 'என்ன சிஸ், குட்டி யூடி!' என்று கோபம் வரும். யூடி என்றால் அடுத்த பாகம், அப்டேட்டின் செல்லப்பெயர். ஆக, பாகம் நீளமாக இருக்க வேண்டும், கதை நகரவும் கூடாது. நான் படித்த ஒரு தொடரில் நாயகி மாடிப்படி ஏறத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை, மேலே போய்ச் சேர்ந்தது வியாழன். காலை எட்டரை மணிக்கு ஓஎம்ஆரில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்த நடை இயல்பாகவே கைவரும். சிறுகதை எழுதுகிறவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம். அருமையான ஒரு கதையை முடித்து வைத்தால், 'தொடருமா?' என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நட்சத்திரத்தை நம்ப வேண்டாம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை நாலரைக்கு மேல்தான் நிற்கின்றன. எல்லாரும் முதல் வகுப்பில் தேறும் பரீட்சையில் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு? பாதி நட்சத்திரங்கள் மொய். நீ எனக்கு வை, நான் உனக்கு வைக்கிறேன். தமிழ்மணம் வலைப்பதிவுத் திரட்டி 2004இல் வந்த காலத்திலிருந்தே வலைப்பதிவர்கள் மொய் என்ற வார்த்தையை இதே பொருளில்தான் புழங்கினார்கள். பார்க்க வேண்டியது வேறு: முதல் பாகத்தை வாசித்தவர்களில் எத்தனை பேர் பத்தாவது பாகத்தில் இருக்கிறார்கள்? அந்த இறக்கத்தைப் பார்க்கும்போது சிலருக்கு நெஞ்சு வலிக்கும். ஒன்றுமே சொல்லாமல் படித்துவிட்டுப் போகிறவர்களை 'சைலண்ட் ரீடர்ஸ்' என்று அழைத்து எழுத்தாளர்கள் ஒவ்வொரு பாகத்தின் அடியிலும் கெஞ்சுவதைப் படிக்கலாம். சில இடங்களில் அந்தக் கெஞ்சல் கதையைவிட உருக்கமாக இருக்கிறது.

பணம்? உண்டு. வாசகர் காயின் வாங்கி ஸ்டிக்கர் பரிசளிக்கலாம், பிடித்த எழுத்தாளருக்கு 'சூப்பர் ஃபேன்' ஆக மாதச் சந்தா கட்டிப் புதிய பாகங்களை முன்கூட்டியே படிக்கலாம். தினமும் தவறாமல் யூடி போட்டு, சில நூறு பாகங்களை இழுத்து ஓட்டும் தெம்புள்ளவருக்கு இது நிஜமான வருமானம். மற்றவர்களுக்கு மாதம் ஒருமுறை ஒரு பிளேட் கொத்து பரோட்டா, சால்னா தனி.

முடிந்த நாவலைக் கையில் வைத்திருப்பவர் அமேசான் கிண்டிலைப் பார்க்கலாம். 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்கள் அங்கே வந்தன. விலையைப் பொறுத்து 35 அல்லது 70 விழுக்காடு ராயல்டி. இந்தியாவில் 70 வேண்டுமென்றால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர் படிக்கும் பக்கக் கணக்கிலும் பைசா வரும். ஆனால் அந்த 90 நாளும் நூல் வேறு எங்கேயும் மின்வடிவில் இருக்கக் கூடாது. ஆகவே இரண்டு தோணியிலும் கால் வைக்க முடியாது. பிரதிலிபியில் ஓடிய தொடரை அங்கிருந்து எடுத்துவிட்டுத்தான் கிண்டிலில் ஏற்ற வேண்டும். எடுத்த மறுநாள் பழைய வாசகிகள் 'கதை காணோமே சிஸ், உடம்பு சரியில்லையா?' என்று விசாரிப்பார்கள். அதற்கு ராயல்டி விழுக்காடு எதுவும் ஈடாகாது என்று மூன்றாவது மாடி அக்கா சொல்கிறார். அவரும் எழுதுகிறார் என்பது இந்த விமர்சனத்துக்காக விசாரித்தபோதுதான் தெரிந்தது, என்னைவிடப் பல மடங்கு வாசகர்களோடு.

தொடரை முடிப்பது பற்றி அவரிடம்தான் கேட்டேன். "முற்றும்னு போட்டா முடிஞ்சிருச்சுன்னு நினைக்காதீங்க தம்பி" என்றார். "எபிலாக் கேப்பாங்க. அதுல ரெட்டைக் குழந்தை வேணும், ஒரு பையன், ஒரு பொண்ணு. ஒண்ணோட நிறுத்தினீங்கன்னா ஸ்டார் குறையும்."

என் டெஸ்டிங் டீம் லீடுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை. அவனுக்கு அவசரமாக ஒரு கம்பெனி வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.