குறைவாகக் கேட்கும் கலை

யூடியூப், எக்ஸ், ரெடிட் போன்ற சமூக ஊடகங்கள் தங்களிடம் உள்ள தரவைப் பிற நிரல்களுக்கு ஏபிஐ வழியாகத் தருகின்றன. ஒரு நிரல் இவ்வளவு நேரத்தில் இத்தனை முறைதான் கேட்கலாம் என்று அவை வைத்திருக்கும் கட்டுதான் ரேட் லிமிட். அந்தக் கட்டுக்குள் நின்று, வேண்டியது ஒன்றும் விட்டுப்போகாமல் பெற்றுக்கொள்ளும் நிரலில் ஓர் அழகு உண்டு. எதையெல்லாம் கேட்காமலே அது வேலையை முடிக்கிறது என்பதில்தான் அந்த அழகு தெரியும்.

கட்டு இடத்துக்கு இடம் மாறும். 2012-ல் வந்த ட்விட்டர் ஏபிஐ 1.1, நேரத்தை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு 15 அல்லது 180 கோரிக்கை என்று வகுத்தது. யூடியூப் கோரிக்கைக்கு விலை வைக்கிறது. ஒரு திட்டத்துக்கு நாளொன்றுக்கு 10,000 யூனிட். ஒரு தேடலுக்கு 100 யூனிட். பட்டியலில் ஒரு பக்கம் படிக்க 1 யூனிட் என்பது அதன் பல்லாண்டுக் கணக்கு. இந்த விலை வேறுபாட்டில்தான் கைத்திறனுக்கு இடம் கிடைக்கிறது.

திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயிலின் உச்சிக்கால பூஜையை எடுத்துக்கொள்ளலாம். அர்ச்சகர் சேலை உடுத்தி, அம்மன் அகிலாண்டேசுவரியாகவே சென்று சுவாமிக்குச் செய்யும் பூஜை அது. அதைப் பற்றிய காணொளிகளைத் தொகுக்க நினைக்கும் நிரலுக்கு முதல் சிக்கல் ஊர்ப்பெயர். திருவானைக்கா, திருவானைக்காவல், திருவானைக்கோவில் என்று தமிழிலேயே மூன்று. ஆங்கில எழுத்தில் இன்னும் பல. தனித்தனியே தேடினால் ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் போகும். பெயர்களுக்கு நடுவே செங்குத்துக் கோடு போட்டால் ‘இதுவோ அதுவோ’ என்று பொருள். எல்லாப் பெயர்களும் ஒரே தேடலில் அடங்கும்.

அடுத்த வழி இன்னும் நேர்த்தியானது. தேடலில் ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 50 காணொளிகள் வரும். அவற்றிலிருந்து நல்ல சேனல்களை அடையாளம் கண்டதும் தேடலை நிறுத்திவிடலாம். ஒவ்வொரு சேனலுக்கும், அது ஏற்றிய காணொளிகள் அடங்கிய பட்டியல் ஒன்று உண்டு. அதிலும் பக்கத்துக்கு 50 காணொளிகள். செலவோ 1 யூனிட். தேடலில் 50 காணொளிகளுக்கு ஆகும் 100 யூனிட்டைக் கொண்டு இந்த வழியில் 5,000 காணொளிகளைப் பார்த்துவிடலாம். தலைப்பில் ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று நிரல் தன்னிடத்திலேயே சலித்துக்கொள்ளும்.

விவரம் கேட்பதிலும் இதே சிக்கனம். 50 காணொளிகளின் அடையாளக் குறிகளைக் காற்புள்ளியிட்டுச் சேர்த்து ஒரே கோரிக்கையில் அனுப்பலாம். வந்ததைத் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டால் அடிக்கடி கேட்க வேண்டியதில்லை. ஆனால் யூடியூப் விதிப்படி 30 நாளுக்குள் அதைப் புதுப்பிக்கவோ அழிக்கவோ வேண்டும். ஆயிரம் காணொளிகளைப் புதுப்பிக்க 20 யூனிட் போதும்.

சீராகக் கேட்பது அடுத்த பாடம். ‘டோக்கன் பக்கெட்’ முறையில் நிரல் தனக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது: விநாடிக்கு இத்தனை டோக்கன் சேரும், கோரிக்கைக்கு ஒன்று செலவாகும், தீர்ந்தால் காத்திருக்கும். திருவானைக்காவலுக்கு மேற்கே முக்கொம்பு மேலணையில் ஷட்டர்கள் நீரை அளந்து விடுவதுபோல, உள்ளே எவ்வளவு வேலை குவிந்தாலும் வெளியே போவது அளவோடு போகும்.

அப்படியும் சில நேரம் சர்வர் மறுக்கும். 2012-ல் ஆர்எஃப்சி 6585 வகுத்த 429 என்ற எண், கோரிக்கைகள் அளவு மீறிவிட்டன என்பதைச் சொல்கிறது. கூடவே ‘ரிட்ரை-ஆஃப்டர்’ குறிப்பு வந்தால், அது சொல்லும் நேரம்வரை பொறுக்க வேண்டும். வராவிட்டால் 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவது முறை. ஒவ்வொரு முறையும் அதில் சிறு நேரத்தை ஏறுக்குமாறாகக் கூட்டிக்கொள்வது தேர்ந்த கை. காத்திருந்த நிரல்கள் எல்லாம் ஒரே கணத்தில் திரும்ப வந்து மோதாமல் அது காக்கும்.

யூடியூபின் ஒதுக்கீடு கலிபோர்னியா நள்ளிரவில் புதிதாகிறது. திருவானைக்காவலில் அப்போது பகல் 12.30; கலிபோர்னியாவில் குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் 1.30. நெடிய வேலையை அதன்பின் தொடங்கினால் முழு ஒதுக்கீடும் கையில் இருக்கும். பாதியில் தீர்ந்துபோனால், நின்ற பக்கத்தின் குறியீட்டைக் குறித்துவைத்து மறுநாள் அங்கிருந்தே தொடர வேண்டும்.

பல திட்டங்களைத் திறந்து ஒதுக்கீட்டைப் பெருக்கிக்கொள்வது விதிக்கும் புறம்பு, ரசனைக்கும் புறம்பு. இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும் போதவில்லை என்றால், தணிக்கைக்கு உட்பட்டுக் கூடுதல் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு யூனிட்டும் எங்கே போகிறது என்று அந்த விண்ணப்பத்தில் சொல்ல முடிகிற நிரலே நன்றாகச் செய்த நிரல்.