வெட்ட வெட்டத் தழைக்கும் ரொட்டாலா

மீன்தொட்டி வைத்திருக்கிறவர்களே, செடி வெட்டுகிற நாளை ஒரு வேலை என்று தள்ளிப் போடுகிறீர்களா? அடடா, எவ்வளவு பெரிய சந்தோஷத்தைத் தள்ளிப் போடுகிறீர்கள்! எனக்கெல்லாம் முதல் நாள் ராத்திரியே தூக்கம் வராது.

கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள். விளக்குப் போட்டு ரொம்ப நேரமாகிவிட்டது, ரொட்டாலா என்ற தண்டுச்செடி அடர்ந்து நிற்கிறது, நுனியெல்லாம் இளஞ்சிவப்பு, உயரமான தண்டுகள் தண்ணீர் மட்டத்தைத் தொட்டு அப்படியே மடிந்து படுத்துக் கீழிலைகளுக்கு வெளிச்சத்தை மறைக்கத் தொடங்கிவிட்டன. வளைந்த கத்தரிக்கோலோடு முழங்கை வரைக்கும் கையை விடுகிறேன், ஜில்லென்று ஏறுகிறது, ஒரு கணுவுக்குச் சற்று மேலே வைத்து நறுக்! வெட்டுவாயிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழிகள் வரிசை கட்டி மேலே போகும் பாருங்கள், செடி அந்த வெளிச்சத்தில் தயாரித்த ஆக்ஸிஜன் அது, ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுக் கத்திவிடுவேன், வீட்டில் இருப்பவர்கள் பதறி ஓடி வருவார்கள், வந்தவர்களையும் விடாமல் நிறுத்திவைத்துக் காட்டுவேன்!

அதைவிட அதிசயம் அப்புறம்தான் இருக்கிறது. நுனி இருக்கிற வரைக்கும் அங்கே சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் பக்கமுளைகளைத் தலைதூக்க விடாது. நுனி போனதுதான் தாமதம், வெட்டுக்குக் கீழே உள்ள கணுவில் பெரும்பாலும் இரண்டு தளிர் எட்டிப் பார்க்கும், அவை வளர்ந்ததும் பழைய வெட்டுக்குக் கொஞ்சம் மேலே மறுபடி வெட்டினால் இரண்டு நாலாகும், ஒல்லி ஒல்லியாக நின்ற தண்டுகளெல்லாம் சேர்ந்து குண்டுப் புதராகிவிடும்! முன்வரிசையைக் குட்டையாக, பின்வரிசையை நெட்டையாக வெட்டிப் பாருங்கள், தொட்டிக்குள் ஒரு மலைச்சரிவே எழும்பும். வெட்டிய நுனியும் வீணில்லை, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு இடுக்கியால் மணலில் செருகினால் கணுவில் வேர் விட்டுப் புதுச் செடியாகிவிடும். ஜப்பானின் தகாஷி அமானோ லிஸ்பன் ஓசியனாரியத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டிக்குள் ஒரு நீர்க்காட்டையே உருவாக்கினாரே, 2015-இல் திறந்தது, அதன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும், அத்தனை செடியையும் வெட்டக் கொடுத்துவைத்தவர்கள் யாரோ என்று ஏங்குவேன்!

வெட்டின கையோடு தொட்டி கொஞ்சம் மொட்டையாகத் தெரியும், அவ்வளவுதான், தளிர் வந்ததும் மறந்துபோகும். வாலிஸ்னேரியா என்ற நீள இலைச் செடியை மட்டும் நடு இலையில் வெட்டாதீர்கள், வெட்டிய முனை பழுத்துப்போகும், நீண்ட இலையை அடியோடு எடுத்துவிடுங்கள். மிதக்கும் துணுக்குகளை வலையால் அள்ளிவிட்டுத் தண்ணீரில் ஒரு பங்கை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே கத்தரிக்கோலை எடுங்கள். மிஞ்சிய நுனிகளை ஏரியிலோ வாய்க்காலிலோ போட்டுவிடாமல், மீன் வளர்க்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள், அந்தத் தொட்டியும் தழைக்கட்டும்!